கோணல் கொண்டை

எந்தத் துணியைக் கையில் கொடுத்தாலும் மருதாள் முதலில் உட்புறத்தைத் திருப்பித்தான் பார்ப்பாள். கல்யாணத்துக்குப் போனால் ஊரே பெண்ணின் நகையைப் பார்த்துக்கொண்டிருக்கும். இவள் மாப்பிள்ளையின் சட்டைக் காலரில் தையல் நேராக ஓடியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பாள். என் மகன் பிறந்தபோது பார்க்க வந்தவள், பிள்ளையின் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் அவன் சட்டையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஓவர்லாக் தையல் சரியில்லியே அமராவதி. பனியன் கடைங்க நெறஞ்ச காதர்பேட்டையில பொறந்துட்டு இதைப் போயி வாங்கியிருக்கறே" என்றாள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. வந்து என்ன செய்ய? இரண்டாம் தடவை துவைத்ததும் தோள்பட்டை பிரிந்து தொங்கியது.

நானும் அவளும் ஜெயிலில் வார்டர்கள். தொண்ணூறுகள் முழுக்க ஒரே பெண்கள் சிறையில் வேலை பார்த்தோம். அங்கே புதிதாகச் சேருகிற பெண்களிடம் மருதாளைப் பற்றிச் சொல்லும்போது, "சோதனை போடறதுல அவளை அடிச்சுக்க ஆளில்லை" என்பார்கள். நான் உள்ளுக்குள் சிரித்துக்கொள்வேன். பயிற்சியில் அந்தச் சோதனையில்தான் அவள் தோற்றாள் என்பது இவர்களுக்கு எங்கே தெரியும்?

அவளுக்குச் சொந்த ஊர் அவிநாசிப் பக்கம் சேவூர். அப்பா நல்லான் அங்கே ஒரு பெரிய தோட்டத்தில் பண்ணையாள். அவர்கள் தெருவில் பத்தாவது வரை படித்த பெண் இவள் ஒருத்திதான். கல்யாணமாகி நல்லூர் வந்தாள். புருஷன் வெள்ளையன் பனியன் கம்பெனியில் டெய்லர், இவள் அதே கம்பெனியில் செக்கிங். தைத்து வருகிற ஒவ்வொரு பீஸையும் உள்ளே வெளியே திருப்பி, ஓட்டை இருந்தாலும் தையல் விட்டிருந்தாலும் அந்த இடத்தில் ஸ்டிக்கர் ஒட்டி ஒதுக்கிப் போட வேண்டும். நாள் முழுக்க நின்றபடிதான் வேலை. எம்ப்ளாய்மென்ட் ஆபீஸில் பதிந்து வைத்ததையே மறந்துபோயிருந்தபோது, எண்பத்தேழில் பெண் வார்டர் வேலைக்குக் கூப்பிட்டார்கள். உயரம் அளந்தார்கள், ஓடச் சொன்னார்கள், எடுத்துக்கொண்டார்கள்.

அவள் பெட்டியோடு பஸ் ஏறிய அன்றைக்கு நல்லூரில் நடந்த கூத்தை வெள்ளையன் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். மருதாள் ஜெயிலுக்குப் போய்விட்டாள் என்று தெருவே பேசிக்கொண்டதாம். எதிர்வீட்டுக்காரி மெதுவாக வந்து, "ஏனுங்க, எத்தனை மாசம் போட்டிருக்காங்க?" என்று கேட்டிருக்கிறாள். "ஆறு மாசமுங்க" என்று இவர் பயிற்சிக் காலத்தைச் சொன்னார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அன்று ராத்திரிக்கு ஒரு போசி நிறையக் குழம்பு கொடுத்து அனுப்பினாளாம்.

பயிற்சிப் பள்ளி வடக்கே ஒரு ஊரில் இருந்தது. அந்த ஊர் வெயிலை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு நாக்கு வறண்டுபோகும். காக்கிச் சேலையைக் கட்டி, கீழே கேன்வாஸ் ஷூவை மாட்டிக்கொண்டு பரேடு போக வேண்டும். பரேடு மாஸ்டர் லிங்கசாமிக்குக் குரலும் பெரியது, மீசையும் பெரியது. கொண்டையில் ஒரு முடி வெளியே தெரிந்தாலும் பத்தடி தள்ளியிருந்தே கண்டுபிடித்துவிடுவார். "அது கொண்டையா, குருவிக்கூடா?" என்பார். கொங்குப் பக்கத்திலிருந்து போனவர்கள் நாங்கள் மூன்று பேர். "லெஃப்ட் டர்ன்" என்று அவர் கத்தினால் வாய் தவறி "சரிங்க" என்று சொல்லிவிட்டுத்தான் திரும்புவோம். அதற்காக மைதானத்தை எத்தனை சுற்றுச் சுற்றியிருப்போம் என்று கணக்கே கிடையாது.

எங்கள் மூன்று பேரில் மூன்றாவது ஆள்தான் சின்னாத்தாள். அவளுக்கும் சேவூர்தான். மருதாளின் அப்பா வேலை செய்த தோட்டமே இவள் அப்பாவுடையது. புருஷன் லாரி விபத்தில் போய்ச் சேர்ந்த பிறகு அண்ணன்மார் வீட்டில் இருந்தாள். சோற்றுக்குக் குறைவில்லை, அண்ணிமார் பேச்சுத்தான் தாங்க முடியவில்லை. சொந்தக் காலில் நிற்க வேண்டும் என்று வீட்டில் சண்டை போட்டு வந்தவள். நெடுநெடுவென்று உயரம். தலைமுடி மட்டும் கொஞ்சம் குறைவு, சவுரி வைத்துத்தான் கொண்டை போடுவாள்.

விடுதியில் நாங்கள் மூவரும் ஒரே அறை. சின்னாத்தாள் உள்ளே வந்தால் மருதாள் கட்டிலிலிருந்து எழுந்து நின்றுவிடுவாள். "உக்காரு மருதா" என்று அவளும் சொல்லமாட்டாள். இரண்டு பேருக்கும் அது பழகிப்போன விஷயம். இவள் அவளை "அம்மிணி, வாங்க போங்க" என்பாள். அவள் இவளை "மருதா, வா போ" என்பாள். ஒரே சம்பளம், ஒரே காக்கி, ஒரே கஞ்சி. எனக்குப் பார்க்கப் பார்க்கப் பற்றிக்கொண்டு வரும். ஆனால் சம்பந்தப்பட்ட இருவரும் சும்மா இருக்கும்போது நான் யாரிடம் போய்ச் சண்டை போடுவது?

சோதனை வகுப்பை எடுத்தது சுப்புலட்சுமி அம்மா. பல சிறைகளில் வேலை பார்த்துத் தலை நரைத்தவர். சிறைக்குள் வருகிற கைதியை எப்படிச் சோதிக்க வேண்டும் என்பதை ஒரு மாதம் கற்றுக்கொடுத்தார். தலையில் ஆரம்பிக்க வேண்டும். கொண்டையை அவிழ்த்து விரலால் கோத வேண்டும். காது மடல், வாய், அக்குள், கொசுவம் என்று கையால் தடவிப் பார்த்து, கடைசியில் பாதத்தைத் தூக்கிக் காட்டச் சொல்ல வேண்டும். "துணியைத் தொட்டாப் போதாது, உடம்பைத் தொடணும். ஒரு பொருள் கிடைச்சா அதோட நிறுத்தாதீங்க. இன்னொண்ணை மறைக்கத்தான் அதை வெளியே வச்சிருப்பா" என்று திரும்பத் திரும்பச் சொல்வார்.

பழகுவதற்கு நானும் மருதாளும் ஜோடி. நான் கொண்டைக்குள் துண்டுப் பென்சிலை ஒளித்தால் கண்மூடித் திறப்பதற்குள் எடுத்துவிடுவாள். ஜாக்கெட் கை மடிப்பில் ஊசியைச் செருகினேன், எடுத்தாள். ஷூவுக்குள் பீடியைப் போட்டேன், எடுத்தாள். எனக்குக் கூச்சம் தாங்காமல் நெளிவேன். "ஆடாதே நில்லு, பீஸ் நழுவுது" என்று அதட்டுவாள். வகுப்பில் முதல் ஆள் அவள்தான் என்று சுப்புலட்சுமி அம்மாவே சொன்னார்.

கடைசியில் பிராக்டிகல் வந்தது. வெளியூரிலிருந்து ஒரு அதிகாரி வந்து மரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். யார் கைதி, யார் வார்டர் என்று சீட்டுக் குலுக்கினார்கள். தோற்றால் மறுவாரம் அதே கைதியை வைத்து இன்னொரு வாய்ப்பு உண்டு. அதிலும் தோற்றால் வேலை ரத்து, பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். மருதாளுக்கு வந்த சீட்டில் கைதியாக சின்னாத்தாளின் பெயர் இருந்தது.

சின்னாத்தாள் கைதிச் சேலை கட்டி, தோளில் போர்வையும் கையில் துணிப்பையுமாக வந்து நின்றாள். மருதாள் ஒரு கை தூரம் தள்ளி நின்றுகொண்டாள். "அம்மிணி, அந்தப் பையைச் சித்தக் குடுங்க" என்று வாங்கினாள். பையை உள்ளே வெளியே திருப்பி, மூலையில் தையல் பிரித்து மறுபடி தைத்திருந்த இடத்தைக் கண்டுபிடித்து ஒரு பீடியை வெளியே எடுத்தாள். போர்வையை வாங்கினாள். அதையும் வெளிச்சத்தில் பிடித்து ஓரம் ஓரமாகப் பார்த்து, "இங்க ஒரு ஓட்டை இருக்குதுங்க, ரிஜெக்ட் பீஸு" என்று அதிகாரியிடம் காட்டினாள். சுற்றி நின்றவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். பிறகு எல்லாவற்றையும் அழகாக மடித்து, சின்னாத்தாளிடம் நீட்டி, "சரிங்க அம்மிணி, உள்ள போங்க" என்றாள்.

அதிகாரி எழுந்து வந்து சின்னாத்தாளைக் கொண்டையை அவிழ்க்கச் சொன்னார். காகிதத்தில் சுற்றிய பாதி பிளேடு கீழே விழுந்தது. "இது ஜெயிலும்மா. நீ துணியைச் சோதிக்கிறதுக்குப் பனியன் கம்பெனிக்கே போகலாம்" என்றார் அவர். மருதாள் தலையைக் குனிந்துகொண்டாள்.

அன்றிலிருந்து பள்ளி முழுக்க அவளுக்கு 'ரிஜெக்ட் பீஸ்' என்று பெயர். சாப்பாட்டு வரிசையில் தட்டைத் திருப்பிக் காட்டி, "தையல் சரியாயிருக்கா பாரு" என்று கேலி செய்தார்கள். கம்பெனிப் பழக்கம் போகவில்லை, பாவம் என்றார்கள். எனக்கு அது காதில் ஏறவே இல்லை. என் கொண்டையில் துண்டுப் பென்சிலை எடுத்தவளுக்கு, சின்னாத்தாள் கொண்டையில் பிளேடு தெரியாமல் போனது எப்படி?

மறுநாள் துவைக்கிற கல்லருகே மருதாளைப் பிடித்துக்கொண்டேன். "நீ அவளைத் தொடவே இல்ல. ஏன்?" என்று கேட்டேன். மருதாள் சேலையை இரண்டு முறை அலசினாள். பிறகு சொன்னாள்.

அவளுக்கு எட்டு ஒன்பது வயது இருக்கும்போது, தோட்டத்து வாய்க்காலில் சின்னாத்தாள் கால் வழுக்கி விழுந்துவிட்டாள். இழுத்துக்கொண்டு போகிற தண்ணீர். பக்கத்தில் நின்ற மருதாள்தான் கையைப் பிடித்துக் கரைக்கு இழுத்துப் போட்டாள். வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனால், சின்னாத்தாளின் அம்மா பழனாயி முதலில் கேட்டது, "இவளை யாரு தொட்டது?" என்பதுதான். நனைந்து வந்த பிள்ளையை மறுபடியும் மாட்டுத் தொட்டித் தண்ணீரில் தலையோடு முக்கி எடுத்த பிறகுதான் வீட்டுக்குள் விட்டார்களாம். நல்லான் ஓடி வந்து, "புள்ள தெரியாம தொட்டுப்போட்டாளுங்க சாமி" என்று மருதாளை அடித்து, கழுத்தைப் பிடித்து மண்ணில் விழ வைத்தார்.

"எங்கப்பன் அடிச்சதுகூட மறந்துபோச்சு அமராவதி. அந்தத் தொட்டித் தண்ணிதான் மறக்க மாட்டீங்குது. நேத்து அவீங்க தலைக்கிட்ட கை போனதும் அப்பிடியே நின்னுருச்சு" என்றாள். "கம்பெனியில என்ற எடத்துக்கு வேற ஆள் போட்டாச்சு. எங்கப்பன் சேவூர் பூரா சொல்லி வெச்சிருக்காரு. திரும்பிப் போனா, நல்லான் மகளுக்கு இதெல்லாம் எதுக்குன்னு சிரிப்பாங்க." அழவில்லை. சேலையை மட்டும் கிழிகிற மாதிரி பிழிந்தாள்.

எனக்கு முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. நேராக அறைக்குப் போனேன். சின்னாத்தாள் கண்ணாடி முன்னால் தலை சீவிக்கொண்டிருந்தாள்.

"உங்க ஊட்டுல உங்களைத் தொட்டித் தண்ணில முக்குனாங்களாமே?" என்றேன்.

சீப்பு நின்றது. "ஆமா. மார்கழி மாசம். ரெண்டு நாள் காய்ச்சல்ல கெடந்தேன்."

"காப்பாத்துனவளுக்கு என்ன கெடச்சுதுன்னு தெரியுமா?"

"தெரியும். ஜன்னல்ல நின்னு பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்" என்றாள். மறுபடியும் சீவ ஆரம்பித்தாள். சீப்பைப் பிடுங்கி எறியலாமா என்றிருந்தது எனக்கு.

அவளோடு பேசி ஆகப்போவது ஒன்றுமில்லை என்று சுப்புலட்சுமி அம்மாவிடம் போனேன். காரணத்தைச் சொல்லவில்லை. மறு பிராக்டிகலில் சின்னாத்தாளுக்குப் பதிலாக நானே கைதியாக நிற்கிறேன் என்று மட்டும் கெஞ்சினேன். அவர் சரி என்றார். நான் துள்ளிக் குதித்துக்கொண்டு வந்து மருதாளிடம் சொன்னால், அவள் வேண்டாம் என்கிறாள்.

"எனக்கு அவீங்களேதான் வேணும்" என்றாள். "நாளைக்கு ஜெயில் கேட்டுல வந்து நிக்கறவளைப் பாத்து, இவ வேண்டாம், வேற ஆளைக் கொண்டாங்கன்னு கேக்க முடியுமா? இப்ப மாத்துனா ஆயுசுக்கும் மாத்திக்கிட்டே இருக்கோணும்."

"தோத்துட்டா?"

"தோத்துட்டா நல்லூருக்கு பஸ் இல்லாமயா போயிரும்?" என்றாள். எனக்கு அவள்மேல் கோபமாகவும் வந்தது, கட்டிக்கொள்ளலாம் போலவும் இருந்தது.

மறுவாரம் அதே மரத்தடி, அதே அதிகாரி. வேடிக்கை பார்க்கப் பள்ளியே கூடியிருந்தது. சின்னாத்தாள் அதே கைதிச் சேலையில், இந்தத் தடவை பை இல்லை, போர்வை இல்லை, வெறும் கையோடு வந்து நின்றாள். திருப்பிப் பார்க்க ஒரு துணிகூட இல்லை. இது வேண்டுமென்றே செய்ததா என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

மருதாள் கிட்டே போனாள். வலது கையைத் தூக்கினாள். கொண்டைக்கு நாலு விரல் தூரத்தில் கை நின்றுவிட்டது. சின்னாத்தாள் உயரம் வேறு, கை அந்தரத்தில் தொங்குகிற மாதிரி இருந்தது. பின்னால் யாரோ 'ரிஜெக்ட்' என்று முணுமுணுத்தாள். அதிகாரி பேனாவைத் திறந்தார்.

அப்போது சின்னாத்தாள் தலையைத் தாழ்த்தினாள். கைதி வேஷத்தில் இருக்கிறவள் பேசுகிற மாதிரி சலிப்போடு, "ஏனுங்க வார்டரம்மா, எத்தனை நேரம் வெயில்ல நிக்க வெப்பீங்க? பாக்கறதைப் பாத்து உடுங்க" என்றாள்.

அது நடிப்பா, நிஜமா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. அந்த வீட்டுக்காரர்கள் நல்லானின் மகளைப் பார்த்து 'ஏனுங்க' என்று சொன்னது அதுதான் முதல் தடவை என்பது மட்டும் தெரியும். மருதாளின் கை இறங்கியது. கொண்டை ஊசிகளை உருவினாள். கொண்டை அவிழ்ந்தது. விரலை விட்டு வேர் வரைக்கும் கோதினாள். சவுரியைத் தனியே எடுத்து, பழக்கம் எங்கே போகும், நுனியைத் திருப்பிப் பார்த்தாள். முடியைக் கட்டியிருந்த துணிப் பட்டையில் தையல் நூல் புதிதாக இருந்தது. பல்லால் கடித்துப் பிரித்தாள். பாதி பிளேடு கையில் வந்தது.

போன தடவை கண்டுபிடிக்காமல் விட்ட அதே தலையில்தான் மறுபடியும் ஒளித்து வைத்திருக்கிறாள் சின்னாத்தாள். தொடாமல் எடுக்கவே முடியாத இடம்.

கூட்டம் கை தட்டியது. மருதாள் நிறுத்தவில்லை. காது மடலைப் பார்த்தாள். "வாயைத் திற" என்றாள். "கையைத் தூக்கு" என்றாள். அக்குள், இடுப்பு, கொசுவம் என்று ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டே வந்தாள். கொசுவத்தின் மூன்றாவது மடிப்பில் ஒரு தீக்குச்சி இருந்தது. பாதத்தைப் பார்க்க வேண்டிய இடம் வந்தது. அவள் குனிந்து காலைத் தொட்டுவிடுவாளோ என்று பயந்தேன். கைதியின் காலடியில் தலையைக் கொடுக்கக் கூடாது என்பது சுப்புலட்சுமி அம்மா சொல்லிக்கொடுத்த பாடம். மருதாள் நிமிர்ந்தே நின்றாள். "திரும்பி நின்னு மரத்தைப் புடி. காலைத் தூக்கிக் காட்டு" என்றாள். சின்னாத்தாள் திரும்பி மரத்தைப் பிடித்து, ஒவ்வொரு காலாகத் தூக்கிக் காட்டினாள்.

அதிகாரி பாஸ் என்று எழுதினார். சுப்புலட்சுமி அம்மா யாருக்கும் தெரியாமல் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். நான் ஊர் கேட்கிற மாதிரி விசிலடித்தேன். லிங்கசாமி என்னை மைதானத்தை இரண்டு சுற்றுச் சுற்றச் சொன்னார்.

நான் சுற்றி முடித்துவிட்டு மூச்சு வாங்க வரும்போது கூட்டம் கலைந்திருந்தது. மைதானத்து ஓரத்தில் எங்கள் விடுதித் தண்ணீர்த் தொட்டி இருக்கிறது. அவிழ்ந்த தலையோடு சின்னாத்தாள் அதை நோக்கித்தான் நடந்துகொண்டிருந்தாள். மருதாள் மரத்தடியிலேயே நின்று அவள் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தில் ஈயாடவில்லை.

சின்னாத்தாள் தொட்டியைத் தாண்டிப் போனாள். விடுதிப் படியில் உட்கார்ந்தாள். முதுகைத் திருப்பிக்கொண்டு, சவுரியைத் தோளுக்கு மேலாகப் பின்னால் நீட்டினாள்.

"மருதா, இங்க வா" என்று கூப்பிட்டாள். "அவுத்தவதானே, நீயே முடிஞ்சு உடு."

மருதாள் போனாள். மேல்படியில் உட்கார்ந்து, சின்னாத்தாளின் தலையைத் தன் முழங்கால்களுக்கு நடுவில் வைத்துக் கொண்டை போட்டாள். தன் கையையே நம்ப முடியாத மாதிரி மெதுவாகத்தான் போட்டாள். ஜென்மத்தில் அப்படி ஒரு கொண்டையை நான் பார்த்ததில்லை. இடது காதுப் பக்கம் சரிந்து, பாதி முடி வெளியே தொங்கியது.

சாயங்காலம் பரேடில் லிங்கசாமி அதைப் பத்தடி தள்ளியிருந்தே பார்த்துவிட்டார். "அது கொண்டையா, குருவிக்கூடா? சரி பண்ணு" என்று கத்தினார். சின்னாத்தாள் கையைத் தூக்கவே இல்லை. "இருக்கட்டுங்க சார்" என்றாள். அந்தக் கோணல் கொண்டையோடு மைதானத்தை மூன்று சுற்றுச் சுற்றிவிட்டு வந்து, எங்கள் பக்கத்தில் வரிசையில் நின்றாள்.